ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், பணம் போய்விடுமா?

கேள்வி: மகளின் கல்லூரிக்கு வருமானச் சான்றிதழ் எடுக்க, ஆதாரையும் பாஸ்புக்கையும் படம் எடுத்து பிரவுசிங் சென்டரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் அழித்துவிட்டேன். கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிடுவார்களா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பணம் எடுக்க முடியாது. ஓடிபியோ கைரேகையோ வேண்டும். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். கைரேகையை ஆதார் இணையதளத்திலேயே பூட்டி வைக்கலாம்.

பூட்டினால் ஒரு சிக்கல் உண்டு. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மிஷின் ஏற்காது. விரல் வைப்பதற்குச் சற்று முன்பு நினைவு வைத்துத் தற்காலிகமாகத் திறக்க வேண்டும், சில நிமிடங்களில் அது தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். வீட்டில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இருந்தால் ஆயுள் சான்றுக்கு விரல் வைக்கும்போதும் இதே கதைதான். சலிப்பான வேலை, ஆனாலும் செய்யுங்கள்.

நீங்கள் அழித்தாலும் கடையின் கம்ப்யூட்டரில் டவுன்லோட் ஆன படம் அப்படியே கிடக்கும். நேரில் போய், கூடவே நின்று அழிக்கச் சொல்லுங்கள். அழித்தவை போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் ஆவணம்.

என் கவலை வேறு. விண்ணப்பத்தில் யாருடைய மொபைல் எண்ணைப் போட்டார்கள்? இ-சேவையில் முதலில் உங்கள் பெயரில் 'கேன்' (CAN) என்ற பதிவு எண் ஒன்று உருவாக்குவார்கள். சீக்கிரம் முடியும் என்று சொல்லி அதில் தங்கள் எண்ணையே போட்டுவிடும் கடைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அப்புறம் ஓடிபி அவர்களுக்குத்தான் போகும். அடுத்த சான்றிதழுக்கும் அவர்களிடமே போய், கேட்ட காசைக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் ஜிமெயிலும் இப்படித்தான். கடைக்காரர் உருவாக்கிக் கொடுப்பார், பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும். கல்லூரி அட்மிஷன் தகவல் எல்லாம் அந்த மெயிலுக்குத்தான் வரும்! இன்றே பாஸ்வேர்டை மாற்றி, ரெக்கவரி எண்ணாக உங்கள் எண்ணைப் போடுங்கள்.

லாட்ஜ் மாதிரி இடங்களில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதும். ஆதார் இணையதளத்தில் கிடைக்கும்.

மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. இன்னும் எங்கே போனாலும் 'ஒரு ஜெராக்ஸ் குடுங்க' என்கிறார்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. சாதாரண ஜனங்கள் எதை நம்புவது?

உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பணம் போனதாக மெசேஜ் வந்தால் பேங்க் திறக்கட்டும் என்று காத்திருக்காமல், உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.