கையெழுத்து போட்டால் சமூகமாகிவிடுமா?

அன்புள்ள அண்ணன்,
மகள் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறாள். வாரம் மூன்று முறை சேப்பல் வழிபாடு. குடிக்கமாட்டேன் என்று தொடங்கும் ஒழுக்க உடன்படிக்கையிலும் கையெழுத்து போடவேண்டும். தங்களுடைய தனித்துவமே தங்கள் சமூகம்தான் என்கிறார்கள். கையெழுத்து வாங்கினால் சமூகம் வந்துவிடுமா?
– ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

வராது. ஆனாலும் உடன்படிக்கையை நான் குறைசொல்லமாட்டேன். நிபந்தனையை வாசலிலேயே சொல்லிவிடுவது நேர்மைதான். இங்கே மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேப்பல் பழக்கம். நம் பல்கலைக்கழகங்கள் மதச்சார்பற்றவை என்பதால் உங்களுக்குத் தயக்கம் வந்திருக்கும். உடன்படிக்கை வெறும் வேலி. உள்ளே என்ன விளைகிறது என்று பார்க்கவேண்டும்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி என்று ஒன்று. அடிமைமுறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற போதகர் 1855இல் தொடங்கியது. எல்லா மக்களையும் கடவுள் ஒரே இரத்தத்தால் உண்டாக்கினார் என்ற பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் வசனம்தான் அதன் குறிக்கோள் வாசகம். அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் படித்தார்கள். 1904இல் மாநில அரசு அதைத் தடைசெய்தது. கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை போய் 1908இல் தோற்றது. 1950இல் சட்டம் திருத்தப்பட்டதும் கறுப்பின மாணவர்களை மறுபடியும் சேர்த்துக்கொண்டது. இன்றும் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. எல்லா மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்தாகவேண்டும். துடைப்பம் கட்டுவார்கள், தறியில் நெய்வார்கள். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற பேச்சு அந்தத் தறிமேடையில் எத்தனை நாள் நிற்கும்?

அப்புறம் நம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் அங்கே படித்தபோது இந்து சமயத்தின்மீது மிஷனரிகள் வைத்த விமர்சனம் அவரை உறுத்தியது. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமுண்டு என்று வாதாடியே எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். அதைப் பாராட்டியவர் அவருடைய ஆசிரியர் ஏ.ஜி. ஹாக், ஸ்காட்லாந்து மிஷனரி! அந்தக் கல்லூரிமேல் எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி இதனால் வந்தது.

மகள் கையெழுத்து போடுமுன் அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் பேசட்டும். விசுவாசத்தில் சந்தேகம் வந்த மாணவனிடம் ஆசிரியர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் லீவு விட்டு விடுதி காலியாகும்போது, ஊருக்குப் போகமுடியாத வெளிநாட்டுப் பிள்ளைகளை யார் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்? பேர் சொல்லிப் பதில் வந்தால் தைரியமாக அனுப்புங்கள்.