சுன்னாகம் கழிவு எண்ணெயை அகற்ற ஏன் இவ்வளவு பேச்சுவார்த்தை?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது ஊருக்கே தெரியும். பிறகேன் திணைக்களங்கள் வருடக்கணக்காகப் பேசுகின்றன என்று பலர் கேட்கிறார்கள்.

கொட்டிய காலம் கடந்த பின்னும் நிலத்தில் தங்கிவிட்ட நச்சுப்பொருள்தான் பழங்கழிவு. சுன்னாகத்தில் அது மின்நிலைய வளாகத்துக் கழிவு எண்ணெய். அங்கே மின்சார சபையும் மின் உற்பத்தி செய்தது, பிறகு தனியார் நிறுவனமும் செய்தது. குடிநீர் ஒரு சபையின் பொறுப்பு, சூழல் அனுமதி இன்னொரு அதிகாரசபையின் பொறுப்பு. எண்ணெயோ ஒன்றாய்க் கலந்துவிட்டது. பங்குக் கிணறு மாதிரித்தான்: தண்ணீர் இறைக்க எல்லோரும் முறை கேட்பார்கள், சேறு வாரும் நாளில்தான் யாருக்கு எத்தனை பங்கு என்ற வழக்கு வரும்.

குடாநாட்டின் அடித்தளம் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். அதனால் எண்ணெய் விழுந்த இடத்தில் நிற்பதில்லை. வாளித் தண்ணீரில் வானவில் நிறப் படலம் தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதே பெரும்பாடு. தோண்டிய மண்ணைக் கண்ட இடத்தில் கொட்டவும் முடியாது. ஏற்றிச் செல்லவே அனுமதிப்பத்திரம் வேண்டும். இந்தச் செலவு யார் தலையில் என்பதில்தான் பேச்சு இழுபடுகிறது (இழுபடுவது சிலருக்கு வசதியும்கூட).

2019இல் உயர் நீதிமன்றம் அந்தத் தனியார் நிறுவனத்துக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அத்தோடு நிலம் சுத்தமாகிவிட்டதென்று நினைக்க வேண்டாம். கொதிக்கவைத்தால் எண்ணெய் போய்விடும் என்பதும் பிழை, கொதி கிருமியைத்தான் கொல்லும்.