ஈஸ்ட்ஹாமுக்கு எத்தனை மேயர்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். சென்னையிலிருந்து ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வந்து ஈஸ்ட்ஹாமில் வீடு எடுத்திருக்கிறீர்கள். நியூஹாம் கவுன்சிலிடமிருந்து வாக்காளர் பதிவுக் கடிதம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மேயர் தேர்தல் என்கிறார். லண்டன் மேயர் சாதிக் கான்தானே, இது வேறு யார்? இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நாம் வாக்குப் போடலாமா?

போடலாம். இதை நம்பாமலேயே பலர் அந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடுவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். 18 வயது நிரம்பி, இங்கே குடியிருந்து, செல்லுபடியாகும் விசா இருந்தால் போதும். மாணவர் விசாவானாலும் சரி, வேலை விசாவானாலும் சரி. மேயர் தேர்தல் மட்டுமல்ல, பாராளுமன்றத் தேர்தலிலும் அப்படித்தான். புகலிட விண்ணப்பம் முடிவாகாமல், கையில் விசா எதுவும் இல்லாமல் இருப்பவர்தான் பதிய முடியாது.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவிலிருந்து வந்த நம்மவருக்குத்தான் இப்போது சிக்கல். பாரிஸ் லா சப்பல் பக்கமிருந்து பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு வந்தவர் 2020 டிசம்பர் 31-க்கு முன்பே இங்கே முறையாகக் குடியேறியிருந்தால் உள்ளூர்த் தேர்தலில் வாக்குப் போடலாம். அதற்குப் பிறகு வந்தவருக்கு இல்லை. டென்மார்க், லக்சம்பர்க், போலந்து, போர்ச்சுக்கல், ஸ்பெயின் ஆகிய நாடுகளோடு மட்டும் தனி ஒப்பந்தம் இருக்கிறது. நார்வே, சுவிஸ் பாஸ்போர்ட் என்றால் எப்போது வந்திருந்தாலும் கிடையாது.

இனி மேயர்கள். லண்டனில் 32 பரோக்கள், அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள வட்டாரங்கள். ஈஸ்ட்ஹாம் இருக்கும் நியூஹாம் அவற்றில் ஒன்று. சாதிக் கான் இவை எல்லாவற்றுக்கும் மேலே, பஸ், ட்யூப், போலீஸ், தீயணைப்பு, நகரத் திட்டம் ஆகியவற்றைப் பார்ப்பவர். ஹாரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ் பக்கம் கோயில் திருவிழாவுக்கோ பொங்கல் விழாவுக்கோ தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு ஒரு மேயர் வருவார். அவர் ஓராண்டுக்கு மரியாதைப் பதவியில் இருக்கும் கவுன்சிலர். அங்கே உண்மையான அதிகாரம், கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் கவுன்சில் லீடரிடம். நியூஹாம், லூயிஷம், ஹாக்னி, டவர் ஹாம்லெட்ஸ், குரோய்டன் ஆகிய 5 பரோக்களில் மட்டும் மக்கள் நேரடியாக வாக்களித்து ஒரு மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்தது. நியூஹாமிலும் லூயிஷமிலும் 2002 மே மாதமும், ஹாக்னியில் அதே ஆண்டு அக்டோபரிலும் முதல் தேர்தல் நடந்தது. டவர் ஹாம்லெட்ஸ் 2010-ல் சேர்ந்தது, குரோய்டன் 2022-ல்.

சென்னை மேயரை மனதில் வைத்து இவரை அளக்காதீர்கள். அங்கே 1996-ல் மு.க. ஸ்டாலின் போல நேரடி வாக்கில் வந்தாலும், 2022-ல் நடந்ததுபோலக் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தாலும், நிர்வாக அதிகாரம் ஆணையரிடம்தான். இங்கே தலைகீழ். மேயர்தான் நிர்வாகத் தலைவர். அதிகாரிகள் அவர் முடிவை நடத்திக் காட்டுபவர்கள். குறைந்தது 2, அதிகபட்சம் 9 கவுன்சிலர்களை அவரே பொறுக்கி எடுத்துக் கேபினட் அமைத்து, ஒருவரைத் துணை மேயராக்குவார். பிடிக்காவிட்டால் அவரே நீக்கலாம். பட்ஜெட்டை அவர்தான் முன்வைப்பார். அதை அவர் விருப்பத்துக்கு மாறாகத் திருத்த வேண்டுமென்றால் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். குரோய்டனில் 2023-ல் கவுன்சில் டாக்ஸை (வீட்டுக்குக் கட்டும் உள்ளூர் வரி) 15 சதவீதம் ஏற்றும் திட்டத்தைக் கவுன்சிலர்கள் முதலில் தோற்கடித்தார்கள்; கடைசியில் அந்த 15 சதவீதம்தான் நின்றது. நியூஹாமில் 2025-26-க்கு ஏற்றம் 8.99 சதவீதம். வழக்கமான வரம்பைத் தாண்டுவதால் அரசாங்கத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் போகும் அந்தத் தொகையில் ஒரு பங்கு லண்டன் மேயருக்கு, மீதி பரோவுக்கு.

ஆள் மாறினால் என்ன மாறும் என்று கேட்பீர்கள். டவர் ஹாம்லெட்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து செகண்டரி பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு. அது மேயர் எடுத்த முடிவு. நியூஹாமில் 2013 ஜனவரியிலிருந்து தனியார் வாடகை வீட்டு உரிமையாளர்கள் பரோ முழுக்க லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் அதுவே முதல் முறை. நீங்கள் வாடகைக்கு இருப்பவர் என்பதால் இது உங்கள் விஷயம். ஒரே வீட்டில் அறை அறையாக ஐந்தாறு பேரை வைத்து வாடகை வாங்கும் உரிமையாளருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கவுன்சிலின் பொதுப் பதிவேட்டில் முகவரியைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மேயரால் ஆகாதவையும் உண்டு. பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் கட்ட அனுமதி, கடைக்கு மது லைசென்ஸ் போன்றவை கவுன்சிலர்கள் அடங்கிய குழுக்களின் வேலை. சட்டமே மேயரின் கையிலிருந்து அவற்றைத் தள்ளி வைத்திருக்கிறது. 'மேயரைத் தெரியும், பிளானிங் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது காசு கேட்டால் நடையைக் கட்டுங்கள். விசாவுக்கு ஹோம் ஆபீஸ். அங்கே இழுத்தடித்தால் உங்கள் தொகுதி எம்.பி. ஜி.பி. டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாம் என்.எச்.எஸ்.

நடுவில் மேயரை இறக்கவும் முடியாது. லீடராக இருந்தால் கவுன்சிலர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு மாற்றிவிடுவார்கள். நேரடி மேயருக்கு அது செல்லாது, 4 ஆண்டு அவர்தான். அவரே விலகினால் இடைத்தேர்தல். ஹாக்னியில் 2023 நவம்பரிலும் லூயிஷமில் 2024 மார்ச்சிலும் அப்படி நடந்தது. இல்லையென்றால் நீதிமன்றம். டவர் ஹாம்லெட்ஸ் 2014 தேர்தலை 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்து, வென்றிருந்த லுத்ஃபர் ரஹ்மானுக்கு 5 ஆண்டு தடை போட்டது. தடை முடிந்து 2022-ல் நின்று மறுபடி வென்றார். இந்தப் பதவியே வேண்டாம் என்றால் வாக்கெடுப்பு நடத்தலாம். 2021 மே மாதம் நியூஹாமில் கேட்டார்கள். மேயரே இருக்கட்டும் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். பிரிஸ்டல் மக்கள் 2022-ல் வேண்டாம் என்றார்கள்.

பதிவு செய்வது அரசாங்க இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் கேட்பார்கள். இன்னும் வரவில்லை என்றால் அதைச் சொல்லிப் பதியலாம், பாஸ்போர்ட் போன்ற ஆவணம் கேட்பார்கள். நம்மூர்க்காரர்கள் வழக்கமாக மாட்டுவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக, முழுப் பெயரும் முதல் கட்டத்தில் இருக்கும். இங்கே படிவம் இரண்டையும் கேட்கும். அவசரத்தில் அப்பா பெயரை ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் போட்டுவிடுவார்கள். வாக்குச்சாவடியில் நீட்டப் போகும் அடையாள அட்டையில் உள்ள பெயரையே பட்டியலிலும் கொடுங்கள். ஓரிரு எழுத்து வித்தியாசத்துக்கு யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பெயரே வேறாகத் தெரிந்தால் திருமணச் சான்றிதழ் போல ஒன்று கையில் இருக்க வேண்டும். பதிவதால் விசாவுக்கு ஒரு பாதகமும் இல்லை. கிரெடிட் ஸ்கோர் பார்ப்பவர்கள் வாக்காளர் பட்டியலையும் பார்ப்பதால், பிறகு போன் கான்ட்ராக்ட்டோ கார் லோனோ எடுக்கும்போது கைகொடுக்கும். விளம்பரக் கடிதம் வேண்டாமென்றால், யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய பட்டியலான 'ஓப்பன் ரிஜிஸ்டர்' வேண்டாம் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள்.

தேர்தல் மே மாத வியாழக்கிழமை. பதிவுக்குக் கடைசி நாள் அதற்கு 12 வேலைநாள் முன்பு. ஈஸ்டர், மே முதல் திங்கள் விடுமுறை எல்லாம் கழிந்துபோவதால் ஏப்ரல் நடுப்பகுதியிலேயே கதவு சாத்திவிடும். மே பிறந்தபின் நினைவு வந்து பயனில்லை.

தபால் வாக்கு கேட்டால் 11 வேலைநாள் முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதில் வாக்குச்சீட்டோடு ஒரு உறுதிமொழித் தாள் வரும். பிறந்த தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். பிறந்த தேதிக்குப் பதில் அன்றைய தேதியை எழுதுவதும், விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்திட்டுவிட்டு இதில் ஆங்கிலத்தில் போடுவதும்தான் வாக்கைக் கெடுக்கும் இரண்டு காரியங்கள். கட்சிக்காரர் யாராவது வீட்டுக்கு வந்து 'கொடுங்கள், நானே போட்டுவிடுகிறேன்' என்றால் கொடுக்காதீர்கள். பிரசாரம் செய்பவர் அடுத்தவரின் தபால் வாக்கைத் தொடுவது 2024 மே முதல் குற்றம்.

நேரில் போவதென்றால் காலை 7 முதல் இரவு 10 வரை. வாக்குச்சாவடி விவரத்தோடு தபாலில் வரும் கார்டு தொலைந்தாலும் பரவாயில்லை, படம் உள்ள அடையாளம்தான் கட்டாயம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் செல்லும். காலாவதியானதும் செல்லும், முகம் உங்களைப் போல இருந்தால் சரி. பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸ், எல்-போர்டு ஆட்களின் புரொவிஷனல் உட்பட, செல்லும். இந்திய லைசென்ஸ், கல்லூரி அட்டை, ஆபீஸ் பேட்ஜ் எதுவும் செல்லாது. ஒன்றுமே இல்லையென்றால் படம் போட்ட வாக்காளர் அடையாளச் சான்றிதழ் இலவசமாகத் தருகிறார்கள். 6 வேலைநாள் முன்பு மாலை 5 மணிக்குள் கேட்க வேண்டும்.

உள்ளே இரண்டு சீட்டு கொடுப்பார்கள். மேயர் சீட்டில் ஒரே ஒரு பெருக்கல் குறி. கவுன்சிலர் சீட்டில் உங்கள் வார்டுக்கு எத்தனை இடமோ அத்தனை, நியூஹாமில் 2 அல்லது 3. மேயர் சீட்டிலும் மூன்று போட்டால் அது செல்லாத வாக்கு. 2022 வரை மேயருக்கு இரண்டாவது விருப்பமும் போட முடிந்தது. குரோய்டனில் 2022-ல் அந்த இரண்டாம் விருப்பத்தையும் எண்ணியபின் 600-க்கும் குறைவான வாக்கில்தான் முடிவானது. அந்த முறையைத் திரும்பக் கொண்டுவரும் மசோதா 2025-ல் பாராளுமன்றத்துக்கு வந்ததால், பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்காமல் சீட்டின் தலையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் போடுங்கள். விரலில் மை கிடையாது. பென்சில்தான் வைத்திருப்பார்கள், நம்பிக்கை இல்லையென்றால் சொந்தப் பேனா கொண்டுபோகலாம். மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒரே தடுப்புக்குள் இருவரும் நிற்காதீர்கள்; 2023 சட்டப்படி அது குற்றம். உதவி தேவைப்பட்டால் அங்கே இருக்கும் அதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

யாருக்குப் போடுவது என்பது உங்கள் பாடு. தேர்தலுக்கு முன் வேட்பாளர்கள் தங்களைப் பற்றி எழுதிய கையேடு ஒன்று கவுன்சிலிலிருந்து வீட்டுக்கு வரும். பீட்சா விளம்பரங்களோடு சேர்த்துத் தூக்கிப் போடாமல், வாடகை லைசென்ஸ், பார்க்கிங் கட்டணம், கவுன்சில் டாக்ஸ் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.