மார்பகமே எடுத்தாயிற்று, 74 வயதில் ரேடியேஷன் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. இடது மார்பகத்தில் புற்றுநோய். ஐந்து வாரங்களுக்கு முன் மார்பகத்தை முழுவதுமாக அகற்றினார்கள். அக்குளிலிருந்து எடுத்த 13 நெறிகளில் (நிணநீர்க் கணுக்களில்) 5-இல் புற்று இருந்தது. ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது கரன்ட் (ரேடியேஷன், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்க வேண்டும் என்கிறார்கள். மார்பகமே இல்லாதபோது எதற்கு? 70 வயதுக்கு மேல் அது தேவையில்லை என்று படித்ததாக அண்ணன் சொல்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மற்றபடி தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வார்.

பதில்: அண்ணன் படித்தது உண்மைதான், ஆனால் அது உங்கள் அம்மா போன்றவர்களுக்குப் பொருந்தாது. கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தை விட்டுவைத்த மூத்த பெண்களைப் பற்றியது அது. கட்டி சிறியது, நெறியில் புற்று இல்லை, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை என்றால் அவர்களுக்கு ரேடியேஷனைத் தவிர்க்கலாம். மாத்திரையை மட்டும் விடக்கூடாது.

அம்மாவுக்கு 5 நெறிகளில் புற்று இருந்திருக்கிறது. மார்பகத்தை எடுத்தாலும் மார்புச் சுவரின் தோலிலும், காறை எலும்பை (கழுத்துப் பட்டை எலும்பை) ஒட்டிய நெறிகளிலும் கண்ணுக்குத் தெரியாத புற்று அணுக்கள் தங்கியிருக்கலாம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நெறிகளில் புற்று இருந்தால் அந்த வாய்ப்பு அதிகம். அதனால்தான் ரேடியேஷன் சொல்கிறார்கள்.

உயிரைக் காப்பதில் ரேடியேஷனின் பலன் தெரியவரப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் அதே இடத்தில் நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே நடக்கும். திரும்பினால் மார்பில் ஆறாத புண், ரத்தக் கசிவு, நாற்றம், கை வீக்கம், நரம்பு அழுந்தி வரும் வலி என்று மிகவும் சிரமப்படுத்திவிடும். வயதானவருக்கு அந்தப் புண்ணோடு வாழ்வது பெரிய கொடுமை. 74 வயதில் ரேடியேஷன் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதைத் தடுப்பதுதான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்று காட்டிய, 1999-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் 70 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே இந்த வயதில், ஆய்வு முடிவோடு நோயாளியின் உடல்நிலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். நடமாட்டம் நன்றாக இருக்கிறது, இதயம், சிறுநீரகம், நினைவாற்றல் சரியாக இருக்கின்றன என்றால் வயது மட்டும் தடையில்லை. படுக்கையிலேயே இருப்பவர், வேறு கடும் நோயால் ஆயுள் குறுகியவர் என்றால் நானே வேண்டாம் என்பேன். 1 முதல் 3 நெறிகளில் மட்டும் புற்று இருந்தாலும் யோசிப்பேன்: அத்தகைய நடுத்தர ஆபத்து உள்ளவர்களைப் பார்த்த சுப்ரீமோ ஆய்வில், 10 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ரேடியேஷன் எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் ஏறத்தாழ 81 சதவீதம்தான்.

சரி, தாங்குவாரா? முன்பு 5 வாரம் இழுத்த சிகிச்சை இப்போது பல இடங்களில் 3 வாரத்தில், 15 அல்லது 16 தவணைகளில் முடிகிறது. ஒவ்வொரு தவணையும் சில நிமிடம்தான், வலிக்காது. சோர்வு வரும். தோல் சிவந்து கருக்கும், சில வாரங்களில் தேறும். கை வீங்குவதும் தோள் இறுகுவதும் சிலருக்கு நீடிக்கலாம். நுரையீரல் அழற்சி அரிது. இடது பக்கம் என்பதால் இதயத்தைப் பற்றிக் கேளுங்கள்: மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகும், அந்த நேரத்தில் கதிர் செலுத்தும் முறை இருக்கிறது. அம்மாவால் அப்படி மூச்சுப் பிடிக்க முடியுமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இந்தச் சிகிச்சையால் அவர் உடலில் கதிர்வீச்சு தங்காது. பேரப்பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், இதையெல்லாம் அம்மாவிடம் நேரடியாகச் சொல்லுங்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் முடிவு செய்யும் விஷயம் இல்லை இது.

அவர் சம்மதித்தால் தோள் பயிற்சியை இன்றே கேட்டுத் தொடங்குங்கள். படுத்த நிலையில் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தால்தான் சிகிச்சை தர முடியும். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். தையல் இடத்தில் சிவப்போ நீர்க்கோப்போ இருந்தால் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள், புண் ஆறிய பிறகுதான் ரேடியேஷன் தொடங்குவார்கள்.