வயதாகிவரும் நட்சத்திர குவார்ட்டர்பேக்கை அணி கழற்றிவிடலாமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணிக்குப் பல வருடம் பேர் வாங்கித் தந்த குவார்ட்டர்பேக்குக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் இன்னும் ஓரளவு நன்றாகத்தான் ஆடுகிறார். அவரை அனுப்பிவிடுவது சரியா, அல்லது அவராக ஓய்வு பெறும்வரை வைத்திருப்பது சரியா?

அனுப்பிவிடுவதுதான் சரி. அதுவும் "இன்னும் ஓரளவு நன்றாக ஆடுகிறார்" என்று சொல்ல முடிகிற காலத்திலேயே. ஒரே நிபந்தனை, அவருக்குப் பதில் ஆடப்போகிறவன் அதற்குள் அதே அணியில் இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்து கற்றிருக்க வேண்டும். வாரிசு இல்லாமல் அனுப்பினால் அது சூதாட்டம். வாரிசைத் தயாராக வைத்துக்கொண்டும் அனுப்பாமல் இருந்தால் அது வெறும் பயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேலைக்காக விஸ்கான்சின் வந்து இந்த ஆட்டத்தைப் பழகியவன். அதனால் கிரீன் பே பேக்கர்ஸ் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு பேக்கர்ஸை விட்டால் வேறு நல்ல உதாரணம் கிடையாது. ஒரே ஊர், பதினைந்து வருட இடைவெளியில் இரண்டு மகா ஆட்டக்காரர்களை, இருவருமே ஆட ஆசைப்பட்டபோதே வெளியே அனுப்பியது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: தாக்கும் அணியின் கிட்டத்தட்ட ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்பதை இரண்டரை, மூன்று விநாடிக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ ஆட்கள் அவரைச் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள். கருத்துப் பகுதியில் யாராவது தோனியை இழுப்பீர்கள் என்று தெரியும். தோனி கீப்பிங் செய்துவிட்டு ஒன்பதாவது ஆளாகக்கூட இறங்கினார், அணி எப்படியோ சமாளித்தது. குவார்ட்டர்பேக்குக்கு அப்படி ஒதுங்கி நிற்க இடமே கிடையாது.

சரி, பிரெட் ஃபார்வ் கதைக்கு வருவோம். 1992 முதல் 2007 வரை பேக்கர்ஸுக்காக லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 253 முறை முதல் ஆளாகக் களமிறங்கியவர். 1995, 96, 97 மூன்று வருடமும் எம்விபி, அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது (கடைசி முறை பேரி சாண்டர்ஸுடன் பகிர்ந்துகொண்டார்). 1997 ஜனவரியில் லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை வென்று தந்தவர். அப்படிப்பட்டவர் உச்சியில் இருந்துகொண்டிருக்கும்போதே, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 2005 டிராஃப்ட்டில், 24-வது இடத்தில் ஏரன் ராஜர்ஸைத் தேர்ந்தெடுத்தார் பொது மேலாளர் டெட் தாம்ப்சன். அன்று அது பலருக்கும் பிடிக்கவில்லை. உடனடியாக உதவுகிற ஆளை எடுக்காமல், பெஞ்சில் உட்காரப் போகிறவனுக்கு முதல் சுற்றைச் செலவழிப்பதா என்றார்கள். ராஜர்ஸ் மூன்று வருடம் உட்கார்ந்தார்.

2008 ஜனவரி 20, பேக்கர்ஸின் சொந்த லாம்போ மைதானம், மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிர். வென்றால் சூப்பர் பவுல். ஜயன்ட்ஸுடனான ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது. டாஸ் வென்று பந்து பேக்கர்ஸ் கைக்கு வருகிறது. அன்றைய விதிப்படி முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. இரண்டாவது நகர்விலேயே டொனால்ட் டிரைவருக்காக ஃபார்வ் எறிந்த பந்தைக் கோரி வெப்ஸ்டர் பறித்தார். அதற்கு முன் இரண்டு முறை உதையைத் தவறவிட்டிருந்த லாரன்ஸ் டைன்ஸ், 47 யார்டு தூரத்திலிருந்து உதைத்துக் கதையை முடித்தார். பேக்கர்ஸ் சட்டையில் ஃபார்வ் எறிந்த கடைசிப் பந்து அதுதான்.

மார்ச்சில் கண்ணீர் மல்க ஓய்வு அறிவித்தார். கோடையில் மனம் மாறித் திரும்பி வந்தார். 13 ஆட்டங்களில் வென்று 3-ல் மட்டும் தோற்ற ஒரு சீசனை முடித்த ஆள், 38 வயது, "நான் ரெடி" என்கிறார். எந்த நிர்வாகத்துக்குத்தான் முடியாது என்று சொல்ல நாக்கு வரும்? சொன்னார்கள். ஆகஸ்ட்டில் நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ராஜர்ஸ் தலைமையில் அந்த வருடம் பேக்கர்ஸ் 6 வெற்றி, 10 தோல்வி. ஊரே கொதித்தது.

அதைவிட மோசமானது 2009. ஃபார்வ் பரம எதிரியான மினசோட்டா வைக்கிங்ஸில் சேர்ந்தார். எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தந்த எறிதல் (டச்டவுன்) 33, எதிரணி பறித்த எறிதல் (இன்டர்செப்ஷன்) வெறும் 7. பேக்கர்ஸை அந்த சீசனில் இரண்டு முறையும் தோற்கடித்தார், அதில் ஒன்று லாம்போவிலேயே, சொந்த ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே. அந்த நாளில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் விஸ்கான்சினில் பாதிப் பேர் "தாம்ப்சனைத் துரத்துங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த வருடம், 2010 சீசன். ஃபார்வ் 11 டச்டவுனுக்கு 19 இன்டர்செப்ஷன். அதே சீசன் முடிவில் ராஜர்ஸ் சூப்பர் பவுல் வென்றார், ஸ்டீலர்ஸுக்கு எதிராக 31-25. அதன்பின் நான்கு எம்விபி.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 2009-தான். போன இடத்தில் பழைய நட்சத்திரம் ஒரு வருடம் ஜொலித்தார் என்பதால் அனுப்பியது தவறாகிவிடாது. எல்லோரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பெய்ட்டன் மேனிங்கை 2012-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் விடுவித்தது. கழுத்தில் அறுவை சிகிச்சைகள், முந்தைய சீசன் முழுக்க ஆடவில்லை, 2.8 கோடி டாலர் போனஸ் கொடுக்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது, கையிலோ டிராஃப்ட்டின் முதல் இடம். அவர் டென்வர் போய் 2013-ல் 55 டச்டவுன் எறிந்தார், 39 வயதில் சூப்பர் பவுலும் வென்றார். கோல்ட்ஸ் ஏமாந்துவிட்டது என்கிறார்கள். மார்ச் 2012-ல் அந்தக் கழுத்தை நம்பி அந்தப் பணத்தை எழுதிக் கொடுக்க யாருக்குத் துணிவு இருந்திருக்கும்? அப்புறம் அந்தக் கடைசி சூப்பர் பவுல் சீசனில் மேனிங்கின் கணக்கைப் பாருங்கள்: 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். ஜெயித்துக் கொடுத்தது தற்காப்பு அணி.

ஆனால் வாரிசு விஷயத்தில் விதியும் விளையாடும். மேனிங்குக்குப் பதிலாக வந்த ஆண்ட்ரூ லக் அருமையான ஆட்டக்காரர், காயம் மேல் காயம் பட்டு 29 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். டாம் பிரேடி 43 வயதில் சூப்பர் பவுல் வென்றார், 44 வயதில் லீக்கிலேயே அதிக யார்டு எறிந்தார். எனவே "35 ஆனால் அனுப்பு" என்று வயதை வைத்துச் சட்டம் போட முடியாது. பிரேடியை அவருடைய பழைய அணியான நியூ இங்கிலாந்து வெளியே விட்டதை நான் தவறு என்றுதான் சொல்வேன். 42 வயதுக்காரர் போனது பிரச்சினை இல்லை, வாரிசாக வைத்திருந்த கரோப்போலோவை 2017-லேயே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டபின் அந்த இடத்துக்கு உருப்படியான ஆளை வளர்க்கவே இல்லை என்பதுதான் பிரச்சினை.

திரும்பவும் கிரீன் பே. 2020 டிராஃப்ட்டில், ராஜர்ஸுக்கு 36 வயது, அணி சூப்பர் பவுலுக்கு ஒரு ஆட்டம் தள்ளி நின்று தோற்றிருக்கிறது. பந்தைப் பிடிக்கிற ஆள் (ரிசீவர்) ஒருவர் வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்க, பொது மேலாளர் பிரையன் குட்டகன்ஸ்ட் 30-வது இடத்திலிருந்து 26-க்கு முன்னேறி, ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார். ராஜர்ஸுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் எம்விபி வாங்கிக் காட்டினார்.

இங்கே எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் பிரேடியின் டாம்பா பேவுக்கு எதிராக லாம்போவில் அரையிறுதி மாதிரியான ஆட்டம். எட்டுப் புள்ளி பின்தங்கி, இரண்டு நிமிடம் பாக்கி, எல்லைக்கோட்டுக்கு எட்டு யார்டு, நான்காவதும் கடைசியுமான முயற்சி. எம்விபி கையில் பந்தைக் கொடுக்காமல் பயிற்சியாளர் மாட் லஃப்ளூர் மூன்று புள்ளி உதையை எடுத்துக்கொண்டார். பந்து திரும்பி வரவே இல்லை, 31-26 தோல்வி. லவ்வுக்குச் செலவழித்த முதல் சுற்றில் நல்ல ரிசீவர் ஒருவரை எடுத்திருந்தால் அந்த நான்காவது முயற்சிக்கே போகாமல் டச்டவுன் விழுந்திருக்குமோ? இருக்கலாம். வாரிசை முன்கூட்டியே எடுப்பதற்கான விலை அதுதான், அதை மறைத்துப் பேசக் கூடாது.

பேக்கர்ஸ் சறுக்கியதும் ஒரு இடம் உண்டு. 2022 மார்ச்சில், லவ் இரண்டு வருடம் காத்திருந்த பிறகு, ராஜர்ஸுக்கு மூன்று வருடத்துக்கு 15 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதினார்கள். அதே மாதம் அவருடைய உயிர்த்தோழனான ரிசீவர் டவாண்டே ஆடம்ஸ் ரெய்டர்ஸுக்குப் போனார். சீசன் 8 வெற்றி, 9 தோல்வி. அடுத்த ஏப்ரலில் ராஜர்ஸும் ஜெட்ஸுக்கே போனார், ஃபார்வ் போன அதே ஜெட்ஸ். அனுப்பிய பிறகும் 2023 சம்பளக் கணக்கில் அவர் பெயரில் சுமார் 4 கோடி டாலர் நின்றது.

அது எப்படி என்றால், இந்த லீக்கில் எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 2023-ல் அது 22.48 கோடி டாலர். போனஸைக் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, கணக்கில் பல வருடத்துக்குப் பிரித்து எழுதுவார்கள். ஆளை அனுப்பினால் பிரித்து வைத்த பாக்கி ஒன்றாக வந்து விழும். மறுபக்கம், முதல் சுற்றில் வந்த இளைஞனின் சம்பளம் நான்கு வருடத்துக்கு நிர்ணயிக்கப்பட்டது. லவ்வுக்கு நான்கு வருடம் சேர்த்தே சுமார் 1.2 கோடி. வாரிசு மலிவாக இருக்கிற அந்த நான்கைந்து வருடத்தைப் பெஞ்சில் கரைத்தால், மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களுக்கு நல்ல ஆள் வாங்குகிற வாய்ப்பும் சேர்ந்து கரைகிறது. அதனால்தான் மூன்றாவது வருடத்துக்குள் முடிவெடுக்கச் சொல்கிறேன்.

ஜெட்ஸ் கதை தெரிந்ததுதான். 2023 செப்டம்பர் 11, அமெரிக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு ராஜர்ஸ் களத்துக்குள் ஓடி வந்தார். நான்காவது நகர்வில் லியனார்ட் ஃபிளாய்ட் சாய்த்தார், குதிகால் தசைநார் அறுந்தது, சீசன் முடிந்தது. லவ் அந்த வருடம் 32 டச்டவுன் எறிந்து, பிளேஆஃபில் டாலஸை அவர்கள் மைதானத்திலேயே 48-32 என்று வீழ்த்தினார்.

எப்படி அனுப்பக் கூடாது என்பதற்கு நியூயார்க் ஜயன்ட்ஸ். 2017-ல் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஈலை மேனிங், தொடர்ந்து 210 ஆட்டம் தொடங்கியவர். தொடர் அறுபடாமல் இருக்க முதல் பாதி ஆடிவிட்டு உட்காருங்கள் என்றார் பயிற்சியாளர் பென் மெக்கடூ. இப்படிப் பிச்சை போட்டால் யார் வாங்கிக்கொள்வார்? ஈலை மறுத்தார். ஜீனோ ஸ்மித் இறங்கினார், அணி தோற்றது, மறுநாளே மெக்கடூவுக்கும் பொது மேலாளருக்கும் வேலை போனது. ஈலை திரும்பவும் உள்ளே வந்தார். அந்தக் குற்ற உணர்வோ என்னவோ, 2018 டிராஃப்ட்டில் இரண்டாவது இடத்தை வைத்துக்கொண்டு அதில் குவார்ட்டர்பேக்கை எடுக்கவில்லை. பின்னாளில் நட்சத்திர குவார்ட்டர்பேக்குகளான இருவரில், ஏழாவதாக ஜாஷ் ஆலன் போனார், 32-வதாக லமார் ஜாக்சன். ஈலையுடன் ஐந்து வெற்றிதான் அந்த வருடம்.

அதே ஜீனோ ஸ்மித்தை வைத்துக்கொண்டுதான் சியாட்டில் 2022-ல் தன் நட்சத்திர குவார்ட்டர்பேக் ரசல் வில்சனை டென்வருக்கு விற்றது. பதிலுக்கு டிராஃப்ட்டில் முதல் சுற்றுத் தேர்வு இரண்டு, இரண்டாம் சுற்றுத் தேர்வு இரண்டு, கூடவே ஆட்டக்காரர்கள். 33 வயது, சந்தையில் இன்னும் பெயர் இருந்தது. ஆடத் தொடங்கும் முன்பே அவருக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு எழுதிய டென்வர், இரண்டே சீசனில் விடுவித்து 8.5 கோடியைக் கணக்கில் சுமந்தது. ஜீனோவுடன் சியாட்டில் முதல் வருடமே பிளேஆஃப் போனது.

ரசிகர்கள் மன்னிக்க மாட்டார்கள் என்பார்கள். கிரீன் பேயில் அணிக்கு முதலாளியே கிடையாது, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள்தான் சொந்தக்காரர்கள். கோபம் வந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2015 ஜூலையில் ஃபார்வின் 4-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்த நாளில், ஆட்டமே இல்லாத மைதானத்தில் அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். ஏழு வருடம் பிடித்தது, அவ்வளவுதான்.

மாறாக, கடைசிவரை வைத்திருந்தது பிட்ஸ்பர்க். பென் ராத்லிஸ்பெர்கர் 39 வயதில் அவராக விடைபெற்றார், மரியாதையாக, அழகாக. வாரிசு யாரும் இல்லை. அடுத்து ட்ருபிஸ்கி, பிக்கெட், அப்புறம் டென்வர் கழித்துவிட்ட அதே ரசல் வில்சன், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். 2025 ஜூனில் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டார்கள். 41 வயது, பெயர் ஏரன் ராஜர்ஸ்.