கோத்தகிரியிலிருந்து கடலடிக் கேபிளுக்கு: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் மகள், கடலுக்கடியில் கிடக்கும் கேபிள்களைச் சென்சார் கொண்டு கண்காணிக்கும் துறைக்குப் போக விரும்புவதாகவும், கடலையே இரண்டு முறைதான் பார்த்த பிள்ளையைக் கப்பலுக்கு எப்படி அனுப்புவது என்று வீட்டில் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். கேபிளைப் பதிக்கவும் பழுதைச் சரிசெய்யவும்தான் கப்பல் போகும். கண்காணிப்பவர்கள் பெரும்பாலும் கரையில், கணினிக்கு முன்னால் அமர்ந்திருப்பவர்கள்.

மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து இன்டர்நெட் நின்றுபோனால், சாலையோரம் ஒருவர் கண்ணாடி இழையைச் சிறிய கருவியொன்றில் சொருகி, 'எட்டாவது கிலோமீட்டரில் கட்' என்று திரையைப் பார்த்தே சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கருவிக்கு ஓடிடிஆர் என்று பெயர். இழைக்குள் அனுப்பும் ஒளித்துடிப்பில் மிகச் சிறு பங்கு வழிநெடுகச் சிதறித் திரும்புகிறது. ஒரு கிலோமீட்டர் போய்வர ஏறத்தாழ 10 மைக்ரோநொடி என்பதால், நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். கடலடியிலும் இதே கணக்குதான், நுட்பம் மட்டும் கூடுதல். நங்கூரம் உரசினாலோ, வலை இழுத்தாலோ, கடற்படுகை அதிர்ந்தாலோ இழை நுண்ணிய அளவில் நீண்டு, திரும்பும் ஒளியின் கட்டம், அதாவது ஒளியலையின் ஏற்ற இறக்க நிலை, மாறுகிறது. தனியாக எதையும் கடலில் இறக்காமல் கேபிளே சென்சாராகிவிடுகிறது. மின்சாரம் கொண்டுசெல்லும் கேபிள் எங்கே சூடேறுகிறது என்று அறிய, நம் சர் சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறலே பயன்படுகிறது.

தொலைத்தொடர்புக் கேபிளில் 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர் (ஒளிச் சிக்னலை வலுப்படுத்தும் கருவி) இருப்பதால், இம்முறையில் வழக்கமாக முதல் ரிப்பீட்டர் வரைதான் பார்க்க முடியும். ஆனாலும், உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 வரை நேரும் பழுதுகளில் பெரும்பாலானவை நங்கூரத்தாலும் மீன்பிடிப்பாலும் கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலில் நேர்வதால், அந்தத் தூரமே பெரிதும் உதவுகிறது.

இனி படிப்பு. இந்தத் துறையின் பெயரிலேயே பட்டம் தேட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் குன்னூர் மாணவர் ஒருவருக்கு அப்படியொரு குறுகிய படிப்பை நானே பரிந்துரைத்தேன். கல்லூரி அதை இடையிலேயே நிறுத்திவிட, அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் ஈ.சி.ஈ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) எடுக்கலாம், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. அல்லது பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஒளி சார்ந்த தொழில்நுட்பமான ஃபோட்டானிக்ஸுக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பும் இருக்கிறது. எதைப் படித்தாலும் சிக்னல்களை அலசும் சிக்னல் பிராசஸிங்கும், பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் கைவர வேண்டும். வந்து குவியும் தரவில் படகின் இரைச்சல் எது, நங்கூரம் இழுபடுவது எது என்று பிரித்தறிவதுதான் உண்மையான வேலை.

கடலடிக் கேபிளுக்கென்றே இந்தியாவில் உள்ள பணியிடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் எண்ணெய்க் குழாய், ரயில் பாதை, அணை எல்லாவற்றுக்கும் இதே நுட்பம் பொருந்தும். 2009 நவம்பரில் நம் நீலகிரியில் கண்டதைப் போன்ற மண்சரிவுக்கு முன் சரிவு நகர்வதைக் கண்டறியவும் இழைகளைப் புதைக்கிறார்கள்.

லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் 'சென்சார் டிப்ளமா' எதிலும் இப்போது பணம் கட்டிவிடாதீர்கள். அரையாண்டு மதிப்பெண் வந்ததும் மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். இயற்பியலையும் கணக்கையும் பார்த்துவிட்டு, மூன்று வழிகளில் எது என்று மூவருமாக அமர்ந்து முடிவு செய்வோம்.