கேளுங்கள், சொல்கிறோம்: பழைய மரம் அறுக்கும் மெஷின்கள்

பழைய செயின் சாக்களை வாங்கிச் சேர்க்கும் வாசகர்கள் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கே: வீட்டு முற்ற விற்பனை ஒன்றில் 'பயனியர்' மெஷின் வாங்கினேன். தகட்டில் பீட்டர்பரோ, ஒன்டாரியோ என்று இருக்கிறது. இருபது வருடமாக ஷெட்டில் கிடந்ததாம். பெட்ரோல் ஊற்றி இழுத்துப் பார்க்கலாமா? (வாசகர், டொரன்டோ)

ப: வேண்டாம். கிடந்த மெஷினைக் கெடுப்பது அதன் வயதல்ல, வாங்கிய அன்றே ஓட்டிப் பார்க்கும் அவசரம்தான். உங்கள் மாகாணத்திலேயே செய்த மெஷின் அது. ஒரு சனிக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் பழைய பெட்ரோல் பிசினாகி கார்பரேட்டர் வரைக்கும் போயிருக்கும். கயிற்றை இழுக்காமல் சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து, வெளியேற்றும் துளை வழியே பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய மெஷின் கோடுகள் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாக ஆழமாகக் கீறியிருந்தால் பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சி ஓடிய மெஷின் அது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் ஓட்டினால் பிஸ்டன் மறுபடியும் இறுகி நின்றுவிடும்.

பிஸ்டன் நன்றாக இருந்தால் பிளக்கைக் கழற்றி, ஒரு டீஸ்பூன் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை உள்ளே விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கயிற்றை மெதுவாக ஐந்தாறு முறை இழுங்கள். ஆயில் விட்ட கையோடு கம்ப்ரெஷன் கூடுதலாகத்தான் தெரியும், அதை நம்பி விலை பேசாதீர்கள்.

அடுத்து கரண்ட். இந்தக் காலத்து மெஷின்களில் பிளைவீலுக்கு அடியில் பாயின்ட், அதாவது பொறிக்கான கரண்டைத் திறந்து மூடும் இரட்டை முனை, இருக்கும். பிளக்கில் பொறி வரவில்லை என்றால் காயில் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பாயின்ட் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் பிடித்திருக்கும். விசிட்டிங் கார்டு ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு முனைகளுக்கும் நடுவே விட்டு இழுங்கள். கார்டில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் வரும் வரை இழுக்க வேண்டும். இடைவெளி பல மெஷின்களுக்கு 0.4 மில்லிமீட்டர் பக்கம் வரும், உங்கள் மாடலின் அளவைக் கையேட்டில் சரிபாருங்கள். பிளைவீலைக் கழற்ற கிராங்க் முனையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது, புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவி போட்டு எடுங்கள்.

கடைசியில் கார்பரேட்டர். உள்ளே இருக்கும் டயபிரம் என்ற மெல்லிய படலம் மெத்தென்று இருக்க வேண்டும். விரலால் தொட்டால் சிகரெட் பெட்டித் தாள் போல் படபடத்தால் மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோல் டியூபையும் டேங்குக்குள் இருக்கும் பில்டரையும் அதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். கிராங்கைச் சுற்றி இருக்கும் ஆயில் சீல் இறுகியிருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து பிஸ்டனைக் கீறிவிடும். நுழைவழி, வெளிவழி இரண்டையும் அடைத்து 0.5 பார் காற்றழுத்தம் கொடுத்துப் பாருங்கள். அரை நிமிடம் முள் இறங்காமல் நின்றால்தான் பெட்ரோல் ஊற்றலாம்.

கே: மழைக்காலம் முடிந்து பார்த்தால் மெஷினின் உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். துருவா? அரைத்து எடுக்கலாமா? (வாசகர், கோத்தகிரி)

ப: இரும்புத் துரு வெள்ளையாக வராது. உடம்பு மக்னீசியம் வார்ப்பு என்று கொள்ளுங்கள். எடையைக் குறைக்க அந்தக் கால மெஷின்கள் பலவற்றை இப்படித்தான் வார்த்தார்கள். கிரைண்டர் வைக்கவே வைக்காதீர்கள். மக்னீசியத் தூள் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும், உலர்ந்த மணல்தான் அதை அடக்கும். துரு நீக்கும் திரவம், வினிகர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். அமிலம் பட்டால் மக்னீசியம் கரைந்து போகும்.

நைலான் பிரஷ், சாதா சோப்புத் தண்ணீர் போதும். கழுவியதும் ஹேர் டிரையரால் இடுக்குகளைக் காயவைத்து மெழுகு பாலிஷை மெல்லிதாகப் பூசுங்கள். தூள் அதிகமாகப் பூப்பது இரும்பு போல்ட்டைச் சுற்றித்தான். இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஈரம் நின்றால் மக்னீசியம்தான் அரிபடும். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் கிரீஸ் தொட்டு, கை பலத்தோடு நிறுத்தி முடுக்குங்கள். மக்னீசிய மரை சீக்கிரம் வழுக்கிவிடும்.

கே: தகட்டில் பெட்ரோல்-ஆயில் கலவை 16:1 என்று இருக்கிறது. கடைக்காரர் 50:1 போதும் என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகர், கோவை)

ப: இருவர் சொல்வதையும் அப்படியே எடுக்க வேண்டாம். 16:1 என்றால் லிட்டருக்கு 62 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. அன்று ஊற்றியது கார் இன்ஜினுக்கான சாதா ஆயில், அதனால் அவ்வளவு தேவைப்பட்டது. இன்றைய நல்ல 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலில் லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25:1, எப்போதாவது ஓட்டும் சேகரிப்பு மெஷினுக்குப் பொருத்தம். ஆயிலைக் கூட்டினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறையும் என்பதால் கார்பரேட்டர் ஊசியைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டியிருக்கும். படகு இன்ஜினுக்கான ஆயில் வேண்டாம், அது தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கானது. பங்க் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கில் ஒரு சொட்டு வைக்காதீர்கள்.

கே: பதினைந்து மெஷின்கள் சேர்ந்துவிட்டன. அடுக்குமாடி வீட்டின் நிலவறையில் எப்படி வைப்பது? (வாசகர், ஒஸ்லோ)

ப: பெட்ரோல் வாசனையோடு ஒரு மெஷின்கூட உள்ளே போகக் கூடாது. வெளியில் வைத்து டேங்கைக் காலி செய்து, ஐடிலில் தானாக நிற்கும் வரை ஓட்டி, திரும்ப ஸ்டார்ட் செய்து மிச்சத்தையும் எரித்துவிடுங்கள். கடைசி ஓட்டத்துக்கு அல்கைலேட் பெட்ரோல் (எத்தனால் கலக்காத சுத்தமான பெட்ரோல்) ஊற்றினால் பிசின் படியாது. ஆனால் வருடக்கணக்காகப் பங்க் பெட்ரோலில் ஊறிய ரப்பர் அல்கைலேட்டுக்கு மாறியதும் சுருங்கிக் கசியலாம், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிளக் துளையில் ஐந்து மில்லி ஆயில், ஐந்தாறு மெதுவான இழுப்பு. கை தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது பிஸ்டன் மேலே நின்று சைலன்சர் பக்கத்துத் துளையை மூடியிருக்கும், அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போகாது. செயின் ஆயில் டேங்கையும் வடித்துவிடுங்கள். தாவர எண்ணெயில் செய்த செயின் ஆயில் நின்றால் கோந்தாகி ஆயில் பம்பை இறுக்கிவிடும்.

செயினைக் கழற்றி எண்ணெயில் முக்கி டப்பாவில் தனியாக வையுங்கள். செயின் சுற்றி ஓடும் பாரின் பள்ளத்தில் ஊறிய மரத்தூளைக் கம்பியால் கிளறி எடுங்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். சிமென்ட் தரையில் வைக்காமல் இரும்பு ஆங்கிள் ரேக்கில் வையுங்கள். ஒரு மெஷின் 8 முதல் 15 கிலோ என்றால் ஒரு தட்டுக்கு நூறு கிலோ தாங்க வேண்டும். பிளாஸ்டிக் பையால் மூடினால் உள்ளே வியர்க்கும், பருத்தித் துணி போர்த்துங்கள். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வையுங்கள்.

கே: பெயின்ட் அடித்துப் புதிதாக்கலாமா? (வாசகர், சேலம்)

ப: கூடாது. முதல் பெயின்ட்டும் ஸ்டிக்கரும் போனால் திரும்ப வராது.

கே: எந்த மெஷினிலிருந்து தொடங்கலாம்? (வாசகர், சிங்கப்பூர்)

ப: 1920-களின் ஜெர்மன் மெஷின்கள் இரண்டு பேர் தூக்க வேண்டியவை, விலையும் இடமும் கட்டாது. 1949-இல் வந்த மெக்கல்லக் 3-25 ஒருவர் கையாளக்கூடியது. 1959-இன் ஷ்டீல் கான்ட்ரா பல் சக்கரப்பெட்டி இல்லாமல் எடை குறைத்த மெஷின். உதிரி எளிதில் கிடைக்க வேண்டுமென்றால் 1963-இன் ஹோம்லைட் எக்ஸ்எல்-12 நல்ல தொடக்கம். இவற்றில் ஓடும் செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் கிடையாது, அது 1970-களில்தான் பரவலானது. ஆகவே பாரும் செயினும் இல்லாமல் ஓட்டிக் காட்டுங்கள், மரத்தில் வைக்க வேண்டாம்.

மெஷினோடு வரும் செயினைத் தூக்கி எறியாதீர்கள். 1940-களின் இறுதி வரை செயின் பற்கள் கைவாளைப் போல நேராகக் கீறித்தான் அறுத்தன. மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் C வடிவத் தாடைகள் இடமும் வலமும் சீவுவதைக் கவனித்த ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரத்தொழிலாளி, ஓரகன் மாநிலத்தில் இன்று நாம் காணும் வளைந்த பல்லைச் செய்தார். நேர்ப்பல் செயின் கிடைத்தால் அரம் போடாமல், எண்ணெய் தொட்டு, அந்த மெஷினின் சீரியல் எண்ணை எழுதிய அட்டையோடு கட்டி வையுங்கள்.